படம் முடிந்ததும் பிள்ளைகளோடு என்ன பேசுவது?

ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. விடுமுறை முழுக்க அனிமேஷன் படம்தான். அதில் வருகிற விஷயங்களை நம் விசுவாசத்தோடு சேர்த்துப் பேச ஆசைப்படுகிறேன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே 'அம்மா பிரசங்கம் ஆரம்பிச்சாச்சு' என்று மகள் எழுந்து போய்விடுகிறாள். மாமியாரோ, மந்திரம், பேய், வேறு தெய்வங்கள் என்று என்னென்னவோ வருகிறது, டிவியையே நிறுத்து என்கிறார். என் மாமனார் போன வருடம்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். போன வாரம் 'கோகோ' பார்த்துவிட்டு மகன், 'தாத்தாவ நாம மறந்துட்டா அவரு மறுபடியும் செத்துருவாரா?' என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. எதைக் காட்டலாம், எப்படிப் பேசலாம்?"

சகோதரி, இருபது வருடமாக ஞாயிறு பள்ளியில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். உங்கள் மகன் கேட்ட கேள்வியை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். முதலில் மகள் எழுந்து போகிற விஷயம்.

அவளுக்கு வேதத்தின் மேல் வெறுப்பு வந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். படம் முடிந்த அந்த நிமிடத்தில் பிள்ளையின் மனசு இன்னும் கதைக்குள்ளேதான் இருக்கும். நாமோ கையில் ஒரு வசனத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் விடுமுறை வேதாகமப் பள்ளியில் 'இன்சைட் அவுட்' பற்றிப் பேச்சு வந்தது. 2015இல் வந்த படம், வகுப்பில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் நானே சொன்னேன்: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கணும்." அந்த வருடம் அப்பாவை இழந்த ஒரு சிறுமி அங்கே இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், அந்தப் படம் சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. 11 வயது ரைலி மின்னசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடும்பத்தோடு இடம் மாறுகிறாள். அவள் மனசுக்குள் இருக்கிற 'மகிழ்ச்சி' என்ற பாத்திரம், 'சோகம்' எதையும் தொட்டுவிடக் கூடாது என்று தரையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள்ளேயே நிற்கச் சொல்கிறது. கடைசியில் சோகத்துக்கு இடம் விட்ட பிறகுதான் ரைலி அப்பா அம்மாவிடம் மனசைத் திறந்து அழுகிறாள், அவர்கள் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். வேதமும் இதற்கு எதிராகப் பேசவில்லையே. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு, கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறது. சங்கீதங்களில் எத்தனை அழுகைப் பாட்டு இருக்கிறது! அந்தச் சிறுமிக்கு அன்று தேவைப்பட்ட வசனங்கள் இவை. பிள்ளைகளை ஐந்து நிமிடம் பேசவிட்டிருந்தால் எனக்கே அது தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம், "என்ன கற்றுக்கொண்டாய்?" என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். அது பரீட்சைக் கேள்வி. இப்போதெல்லாம், "யாரைப் பார்த்தா உனக்குப் பாவமா இருந்துச்சு?", "எந்த இடத்துல கோபம் வந்துச்சு?", "நீ அங்க இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்றுதான் கேட்கிறேன். பிள்ளை சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள். அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. மறுநாள் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது பின்னாலிருந்து கேள்வி வரும். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேசச் சொல்கிறது. அன்றாடத்தின் நடுவில், நம் வேலைக்கு இடையில் நடக்கிற பேச்சு அது. யாத்திராகமம் 12:26ஐயும் பாருங்கள். பஸ்காவைப் பற்றிய பேச்சே, 'இதன் கருத்து என்ன?' என்று பிள்ளைகள் கேட்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

யாத்திராகமம் என்றதும், நீங்கள் தொடங்குவதற்கு ஏற்ற படம் ஒன்று ஞாபகம் வருகிறது: 1998இல் ட்ரீம்வொர்க்ஸ் எடுத்த 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'. மோசேயின் கதை. மாமியாரும் கூட உட்கார்ந்து பார்க்கலாம். கதையில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம், மூலம் யாத்திராகமத்தில் இருக்கிறது என்று படத்தின் ஆரம்பத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். அதனால் படம் முடிந்ததும் வேதாகமத்தை எடுத்து, எங்கெங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மகள் எழுந்து போக மாட்டாள், ஏனென்றால் இது துப்பறிகிற வேலை.

நிறையவே கிடைக்கும். படத்தில் குழந்தையை ஆற்றிலிருந்து எடுப்பவள் ராணி. வேதத்திலோ பார்வோனின் குமாரத்தி. படத்தில் பார்வோனுக்கு ராமசேஸ் என்று பெயர் இருக்கிறது. வேதம் அவன் பெயரைச் சொல்லவே இல்லை. படத்து மோசே வாலிபன். பார்வோனோடு பேசினபோது மோசேக்கு 80, ஆரோனுக்கு 83 வயது என்கிறது யாத்திராகமம் 7:7. நான் மிக முக்கியமாக நினைக்கிற வித்தியாசம் வேறு. ஒரு முதியவரை அடிக்கிற எகிப்தியனைப் படத்து மோசே ஆத்திரத்தில் தள்ளிவிடுகிறான், அவன் உயரத்திலிருந்து விழுந்து சாகிறான். கிட்டத்தட்ட விபத்து. யாத்திராகமம் 2:12இல் மோசே அங்கும் இங்கும் பார்க்கிறான், யாரும் இல்லை என்று தெரிந்துகொள்கிறான், எகிப்தியனைக் கொல்கிறான், மணலில் புதைக்கிறான். "ஏன் படத்துல மாத்திட்டாங்க?" என்று கேட்டபோது என் வகுப்பில் ஒரு பையன், "ஹீரோ கெட்டவனா தெரியக்கூடாதுல்ல மிஸ்" என்றான். அங்கிருந்து முக்கால் மணி நேரம் பேசினோம். கொலை செய்துவிட்டு ஓடினவனை ஆண்டவர் ஏன் கூப்பிட்டார்? நாமாக இருந்தால் கூப்பிட்டிருப்போமா? நான் தயாரித்துக்கொண்டு போன எந்தப் பாடமும் அவ்வளவு ஆழத்துக்குப் போனதில்லை.

இனி, மாமியார் பயப்படுகிற வகைப் படங்கள். 2013இல் வந்த 'ஃப்ரோசன்'இல் எல்சா பாடுகிற பாட்டு உங்கள் வீட்டிலும் ஒலித்திருக்கும். சரி, தவறு, சட்டம் எதுவும் எனக்கில்லை, நான் சுதந்திரம் என்று ஒரு வரி அதில் வருகிறது. கிறிஸ்தவப் பெற்றோர் பலர் அதைக் கேட்டுத்தான் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பாட்டு வரும்போது படம் தொடங்கி அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். பிறகு என்ன நடக்கிறது என்று மகளிடம் கேளுங்கள். எல்சா மலை உச்சியில் சுதந்திரமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது கீழே ஊரே பனியில் உறைந்து கிடக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. அவள் தங்கச்சியின் இருதயமே உறைய ஆரம்பிக்கிறது. கடைசியில் அந்தத் தங்கச்சி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பை விட்டுவிட்டு, அக்காவின் மேல் விழ வந்த வாளுக்குக் குறுக்கே நிற்கிறாள். யோவான் 15:13ஐ உங்கள் மகளே எடுத்துச் சொல்லிவிடுவாள். நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. அந்தப் படத்துக்கு வித்தாக இருந்தது டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1844இல் எழுதிய பனி ராணி கதை. அதில் கெர்டா என்ற சிறுமி குளிரில் பரமண்டல ஜெபம் சொல்லச் சொல்ல, அவள் மூச்சுக்காற்று சின்னச் சின்ன தேவதூதர்களாக மாறி அவளுக்குக் காவல் நிற்கிறது. கதை முடிகிற இடத்தில் பாட்டி, சிறு பிள்ளைகளைப் போல் ஆகாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்க முடியாது என்ற வசனத்தை வாசிக்கிறாள். படத்தில் இவை ஒன்றுமே இல்லை. படுக்கப் போகும்போது அந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஜெபம் எங்கே போயிற்று என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

பேய் வருகிற படம் என்றால் இப்போது பிள்ளைகள் வாயில் இருப்பது 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்', 2025 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 6 வயதுப் பையனுக்கு இது வேண்டாம் என்பேன், பயப்படுவான். மகள் பள்ளியில் தோழிகளோடு அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தால், தடுப்பதைவிடக் கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கதாநாயகி ரூமி பேய்களை விரட்டுகிற பாடகி. ஆனால் அவள் அப்பா பேய் இனம், அவள் உடம்பில் அதற்கான கோடுகள் இருக்கின்றன. வளர்த்தவள், யாருக்கும் காட்டாதே என்று சொல்லி வளர்க்கிறாள். எல்சாவின் அப்பா அம்மாவும் அதைத்தான் சொன்னார்கள்: மறை, உணராதே. இரண்டு படத்திலும் மறைத்ததுதான் கடைசியில் உடைந்து வெளியே வருகிறது. "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று தாவீது 32ஆம் சங்கீதத்தில் பாடியதும் இதே அனுபவத்தைத்தான்.

இங்கே படம் சொல்கிற தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். வெட்கம் வேறு, குற்றம் வேறு. ரூமியின் கோடுகள் பிறப்பிலேயே வந்தவை, அவள் செய்த தப்பு அல்ல. நம் பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட கோடுகள் உண்டு: கறுப்பாக இருக்கிறேன், திக்குகிறது, கணக்கு வரவில்லை, அப்பாவுக்கு வேலை இல்லை. இவற்றுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆண்டவர் அதிசயமாய் உண்டாக்கின பிள்ளை நீ என்று சங்கீதம் 139ஐக் காட்டி அணைத்துக்கொள்ள வேண்டும். தம்பியை அடித்துவிட்டு அவன் மேலேயே பழி போட்டதும், பர்ஸிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்ததும் அப்படி அல்ல. "இது நான், என்னை ஏத்துக்கோங்க" என்று அதற்குச் சொல்ல முடியாது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறது யாக்கோபு 5:16. அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு. 9 வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் புரியும். பெரியவர்களாகிய நாம்தான் பல வீடுகளில் இரண்டையும் குழப்பி, மார்க் குறைந்த பிள்ளையைப் பாவம் செய்தவனைப் போல நடத்துகிறோம். அந்தப் படத்தில், காப்பாற்றுகிற பாரம் முழுக்க மூன்று பெண்களின் பாட்டின் மேலேயே இருக்கிறது. "அவங்களாலயும் முடியலன்னா யார்கிட்ட போவாங்க?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் கிறிஸ்தவ கார்ட்டூன் மட்டும் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தமிழில் 'சூப்பர்புக்' இருக்கிறது, சின்னவனுக்கு நல்லது, காட்டுங்கள். ஆனாலும் பேச்சு தேவைப்படும். அமெரிக்காவில் 1993இல் காய்கறிப் பாத்திரங்களை வைத்து 'வெஜ்ஜிடேல்ஸ்' தொடரை ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஃபில் விஷர். பல வருடம் கழித்து அவரே ஒரு பேட்டியில் மனம் வருந்திச் சொன்னார்: கிறிஸ்தவர்களைப் போல நடந்துகொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம், கிறிஸ்தவத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று. அதைப் படித்த அன்று என் பாடக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பொய் சொல்லாதே, பகிர்ந்துகொள், கீழ்ப்படி. பக்கம் பக்கமாக இதுதான் இருந்தது. கிருபை என்ற சொல்லைத் தேட வேண்டியிருந்தது. நல்ல கருத்து வந்துவிட்டது, பேச்சு முடிந்தது என்று நாம் நினைக்கிற இடத்திலும், 'கீழ்ப்படிய முடியாமப் போனா என்ன ஆகும்?' என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

வேறு தெய்வங்கள் வருகிற படங்களைப் பற்றி மாமியார் கவலைப்படுவது நியாயமான கவலை. அதற்குப் பழிப்பும் கேலியும் பதில் ஆகாது என்பதை மட்டும் அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள். 2025 ஜூலையில் 'மகாவதார் நரசிம்மா' வந்தபோது பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் குடும்பத்தோடு போனார்கள். அது அவர்கள் பக்தியோடு கேட்டு வளர்ந்த கதை. வீட்டில் நாம் அதை இளக்காரமாகப் பேசினால், பிள்ளை அதை அப்படியே பள்ளியில் போய்ச் சொல்லும். பவுல் அத்தேனே பட்டணத்தில் சிலைகளைக் கண்டு மனம் கொதித்தார். ஆனால் மேடையில் நின்றபோது அவர்களுடைய பலிபீடத்தையும் அவர்களுடைய கவிஞர்களின் வரியையும் எடுத்துத்தான் பேசினார் (அப்போஸ்தலர் 17). நம் நம்பிக்கையைச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. "இது உன் ஃப்ரெண்ட் வீட்டில் நம்புகிற கதை. நாம் நம்புவது இது. அவனிடம் மரியாதையாகக் கேள், அவன் கேட்டால் நீயும் சொல்" என்பது போதும்.

'மோவானா'வுக்கும் இதே வழிதான். அதில் வருகிற மௌயி பசிபிக் தீவுகளின் பழங்கதைகளில் உள்ளவன். அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். 1830இல் சமோவாவுக்கு ஜான் வில்லியம்ஸை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கம்தான், மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் குமரி மாவட்டத்து மயிலாடியில் ஊழியம் தொடங்கியபோது அவருக்கும் பின்னால் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் சொந்தம் உள்ளவர்கள் இதைப் பிள்ளைகளுக்கு வரைபடம் வைத்துச் சொன்னால், மோவானாவின் கடல் அவர்களுக்குத் தூரமாகத் தெரியாது.

எதை நிறுத்துவது என்பதற்கு நீளமான சட்டம் என்னிடம் இல்லை. யுஏ 7+, 13+, 16+ என்று சான்றிதழில் வயது போட்டிருப்பதைப் பாருங்கள். நீங்கள் ஒருமுறை பார்க்காததை 6 வயதுப் பையனிடம் தனியாகக் கொடுக்காதீர்கள். பார்த்த பிறகு இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கெட்டால் அந்தப் படம் இப்போதைக்கு வேண்டாம். அப்படி நிறுத்தும்போது காரணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 'கோகோ'வில் அந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாக இசையைத் தடை செய்திருப்பார்கள். பாட்டி கிட்டாரையே உடைப்பாள். தடைக்குப் பின்னால் உண்மையான ஒரு காயம் இருந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பையன் கல்லறைக்குள் போய் கிட்டாரைத் திருடுகிற நிலைக்கு வந்துவிடுகிறான்.

இப்போது உங்கள் மகன் கேட்ட கேள்வி. அவன் படத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். 2017இல் வந்த அந்தப் படத்தில், உயிரோடு இருப்பவர்களில் கடைசி ஆளும் மறந்துவிட்டால் செத்தவர் இரண்டாம் முறை இல்லாமல் போகிறார். அப்படி இறந்துபோன ஹெக்டர் என்பவனின் மகள் கோகோ வயசாகி ஞாபகம் இழக்க இழக்க, அவன் மங்கிக்கொண்டே போகிறான். 6 வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பாரம்! தாத்தா இருப்பதும் இல்லாததும் என் ஞாபகத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து அவன் பயந்திருக்கிறான். "அதெல்லாம் சும்மா படம்டா" என்று சொல்லிவிடாதீர்கள்.

படத்தில் நல்லது எது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்களை நினைப்பது நல்லது. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் செண்டுமல்லிப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிறார்கள். நம் ஊர் கத்தோலிக்கக் குடும்பங்களும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு, வித்தியாசத்தை அவனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்: "நீ மறந்தாலும் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆண்டவர் மறக்க மாட்டார்." ஏசாயா 49ஆம் அதிகாரம் 15, 16 வசனங்களைத் திறந்து காட்டுங்கள். "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்று இருக்கிறது. அடுத்த வரியிலேயே, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன் என்கிறார். உங்கள் மகனின் உள்ளங்கையில் பேனாவால் தாத்தாவின் பெயரை எழுதுங்கள். கை கழுவினால் அழிந்துவிடும். ஆண்டவர் கையில் அழியாது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் இப்போது வேண்டாம்.

இதை நீங்கள் தனியாகச் செய்யாமல் மாமியாரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். டிவியை நிறுத்து என்று அவர் சொல்வதில், பேரப்பிள்ளைகள் தன்னோடு உட்கார்ந்து பேசுவதில்லை என்ற வருத்தமும் இருக்கலாம். அந்தப் படத்தின் கடைசியில், கொள்ளுப்பேரன் பாடியதும் கொள்ளுப்பாட்டி கோகோ ட்ராயரைத் திறந்து, கிழிந்த ஒரு புகைப்படத் துண்டை எடுத்து, தன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்குவாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, "அத்தை, மாமா சின்ன வயசுல எப்படி இருந்தாங்க, பிள்ளைகளுக்குச் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். பழைய ஆல்பம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அன்றைய குடும்ப ஜெபத்தில் ஏசாயா 49ஐ அவரே வாசிக்கட்டும்.